ஜெஸ்ரினுக்கு நேர்ந்த நடை

வெறுங்காலோடு நடக்கிறேன் என்று நேர்ந்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் வந்து, "உன்னை ஆர் நடக்கச் சொன்னது?" என்று என் வாயைக் கிளறக் கூடாது. ஆனால் என்னோடு கூட நடந்தவர்கள் எல்லாரும் என்ன நினைத்துக்கொண்டு நடந்தார்கள் என்று நான் கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்பேன்.

ஜெஸ்ரின் என் ஒரே தம்பி. மன்னாரிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் கடற்கரை வரைக்கும் போனவன். 2009 வைகாசியில் சண்டை முடிந்தது என்று டிவியில் சொன்னார்கள். நாங்கள் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருந்துகொண்டு, தொலைபேசியைப் பார்த்தபடி சோறு தின்றோம். ஆனி மாதம் பிறந்த பிறகுதான் அம்மா முகாமில் இருக்கிறா என்று தெரிய வந்தது. முதல் அழைப்பு வந்த அன்று நான் வேலையில் நின்றேன். என் மனிசன் எட்வேட்தான் எடுத்துக் கதைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம், முகாமில் யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசியை வாங்கி அம்மா எடுப்பா. ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம்.

"அவன் என்னோட வரேல்லைப் பிள்ளை. சனத்துக்குள்ள விடுபட்டுப் போனான்" என்பா. "நீ செபிச்சுக்கொள். உன்ர செபத்தை விடாதை."

விடுவேனா? வயோதிபர் இல்லத்தில் எனக்கு வேலை. அங்கே படுக்கை விரிப்பு மாற்றும்போதும் அருள்நிறை மரியே சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன். வெங்காயம் வெட்டும்போது சொன்னேன். செஞ்சிலுவைச் சங்கம், எம்.பி.யின் அலுவலகம், முகாமில் சொந்தக்காரர் உள்ள ஆட்கள் என்று நான் கேட்காத இடம் இல்லை. ஒரு பக்கம் செபம், ஒரு பக்கம் போன். அப்படித்தான் அந்த மாதம் போனது.

அப்போதுதான் எங்கள் கோயிலுக்கு வருகிற றோஸ்மலர் அக்கா ஒரு நாள் எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பிரித்தானியின் கதையைச் சொன்னா. பிரான்சின் மேற்குக் கரை அது. அவவின் மனிசனுக்கு அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. லண்டனுக்கு வர முன்னம் பிள்ளைகளோடு அங்கேதான் கன வருசம் இருந்தவ.

"எங்கட தலவில் கோயில் அன்னம்மா, மாதாவின்ர தாய், அவதான் அங்க அந்த நாட்டுக்கே காவல், தெரியுமே? ஆடி மாசத் திருநாளுக்கு வெள்ளைக்காரச் சனம் கொடி பிடிச்சுக்கொண்டு வரும். லான்கெவெல் எண்டு நாங்கள் இருந்த ஊரில, வயலுக்குள்ளால ஒரு பாதை இருக்கு. கோயில் கோயிலாய்ப் பார்த்துக்கொண்டு ஒரு நாளில நடந்து முடிக்கலாம். நீயும் ஒருக்கா வெளிக்கிட்டு வாவன், மனசுக்கு ஆறுதலாய் இருக்கும்."

நான் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு எழும்பினேன். "வெறுங்காலோட நடக்கிறன் அக்கா. அன்னம்மா என்ர தம்பியை உயிரோட காட்டட்டும். காட்டினா அடுத்த வருசம் அவனையும் கூட்டிக்கொண்டு வந்து நடக்கிறன்."

றோஸ்மலர் அக்காவின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. "வெறுங்கால் என்னத்துக்குப் பிள்ளை? சப்பாத்தோட நடந்தாலும் அன்னம்மா கோவிக்கமாட்டா" என்றா. எட்வேட் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என் காலுக்காகத்தான் கவலைப்படுகிறார்கள் என்று நான் நினைத்தேன். விசரி நான்!

ஆடி மாதக் கடைசியில் ஒரு மினிபஸ் பிடித்து வெளிக்கிட்டோம். எட்வேட் ஓட்டினார். முன் சீற்றில் பீற்றர் அண்ணை, மடியில் மாதா சொரூபம். எங்கள் பங்கில் புதன்கிழமைச் செபக்கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். புதன்கிழமைகளில் எனக்குப் பின்னேர ஷிப்ட், அதனால் நான் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. பின்னால் கூட்டத்து ஆட்கள், இடியப்பப் பெட்டி, மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் பெட்டி. கப்பலில் ஏறி அக்கரை சேர்ந்து, லான்கெவெலுக்குப் போகும்போது மழை தூறிக்கொண்டிருந்தது.

ஊர் நல்ல ஊர். பொய் சொல்லக் கூடாது. சாம்பல் நிறக் கல்லில் கட்டின வீடுகள், கறுத்தக் கல்லோட்டுக் கூரை, வாசலுக்கு வாசல் நீலப் பூ. பாதை எங்கே திரும்புகிறது என்று மரத்திலும் மதிலிலும் மஞ்சள் பெயின்ற் கோடு போட்டிருந்தார்கள். முதல் கோயில் சோள வயலுக்கு நடுவே தனியாக நின்றது. கதவு பூட்டியிருந்தது, திறப்பு பக்கத்துப் பண்ணை வீட்டில் இருந்தது. றோஸ்மலர் அக்கா போய்ப் பிரெஞ்சில் கதைத்து வாங்கி வந்தா. உள்ளே மரத்தில் செதுக்கின அன்னம்மாள், மடியில் புத்தகத்தை விரித்து மகளுக்கு வாசிக்கக் காட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றா. நான் அவவின் காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்களுக்கும் பிள்ளை இருக்குத்தானே" என்று கேட்டேன். பிறகு செருப்பைக் கழற்றினேன்.

கழற்றினது நான் ஒருத்திதான். மற்றவர்கள் நல்ல ரெயினர்ஸ் போட்டிருந்தார்கள்.

சரளைக்கல் பாதை, பிறகு சேறு, பிறகு காஞ்சோண்டி. கால் முழுக்கத் தடித்து எரிந்தது. எட்வேட் என் செருப்பை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். "செருப்பைப் போடும், அருமை. கல் குத்துது, ரத்தம் வருது, பாரும்."

"வரட்டும். அவன் அங்க எந்தக் காட்டுக்குள்ள செருப்பில்லாமல் நிக்கிறானோ!"

அவர் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பாதை ஒரு சின்னக் கிராமத்துக்குள் நுழைந்தது. அந்தக் காலத்தில் ஊருக்கே பாண் ரொட்டி சுட்ட கல்போறணை அடுப்பு ஒன்று அங்கே நின்றது, ஒரு அறை அளவு. அதைத் தாண்டினால் சந்தியில் பெரிய கற்சிலுவை. அடியில் அப்போஸ்தலர்கள் நின்றார்கள். மழையும் காற்றும் தின்று ஒருவருக்கும் மூக்கு இல்லை. பீற்றர் அண்ணை சந்திக்குச் சந்தி செபமாலை தொடங்குவார். நாங்கள் பதில் சொல்லிக்கொண்டு நடப்போம். சைக்கிளில் போன ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி எங்களுக்கு மரியாதை செய்தார்.

மத்தியானம் ஊற்றடிக்கு வந்தோம். கல்லால் கட்டின சின்னத் தொட்டி, மேலே மாடத்துக்குள் அன்னம்மாள். பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் உடுப்புத் துவைத்த இடம், கூரையோடு அப்படியே இருந்தது. ஒரு அறிவித்தல் பலகை நின்றது. "என்ன எழுதியிருக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"சும்மா பழைய கதை" என்றா றோஸ்மலர் அக்கா. நான் விடவில்லை. விட்டால் நான் அருமைநாயகி இல்லை. கடைசியில் வேண்டா வெறுப்பாகச் சொன்னா. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராவிட்டால், பெண்சாதிமார் இந்தத் தண்ணிக்குள் ஒரு பாண் துண்டு போடுவார்களாம். மிதந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். தாழ்ந்தால் இல்லை.

"மாலுபாணை எடுங்கோ!" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. உதெல்லாம் மூடநம்பிக்கை. சுவாமியார் கேள்விப்பட்டா ஏசுவார்" என்று என் கையைப் பிடித்தா. கையை உதறிவிட்டு, மீன் இல்லாத பக்கமாகப் பார்த்து ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டேன். அது தண்ணியில் ஒரு தரம் சுற்றியது. பிறகு நன்றாக மிதந்தது.

"மிதக்குது! இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ, மிதக்குது!"

நான் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தேன். எட்வேட்டின் கையைப் பிடித்து இழுத்து, தண்ணியைக் காட்டினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பி மூக்கைச் சீறினார். பீற்றர் அண்ணை இருமினார். றோஸ்மலர் அக்கா மாலுபாண் பெட்டியை மூடிக் கட்டத் தொடங்கினா. சந்தோசத்தில் இவர்களுக்கும் வாய் அடைத்துப்போனது என்று நினைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு நான் எல்லாருக்கும் முன்னால் நடந்தேன். கால் நோவே தெரியவில்லை.

பின்னேரம் பாதை முடிகிற பெரிய கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். மதிலுக்குள் கோயில், கல்லறைகள் நிறைந்த சேமக்காலை, அதோடு ஒட்டினபடி ஒரு சின்னக் கல்வீடு. இடம் போதாத காலத்தில் பழைய குழிகளைக் கிண்டி, எலும்புகளை எடுத்து அதற்குள்தான் அடுக்கி வைப்பார்களாம். இப்போது எலும்பு இல்லை, வெறும் வீடு. இருந்தாலும் சேமக்காலையைக் கண்டால் மரித்தவர்களுக்குச் செபம் சொல்லாமல் எங்கள் ஆட்கள் தாண்டிப் போகமாட்டார்கள். பீற்றர் அண்ணை வாசலில் முழந்தாளிட்டார், நாங்களும் முழந்தாளிட்டோம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, புதன்கிழமைகளில் சொல்கிற மாதிரியே, எங்கள் பங்கு ஆட்களின் இறந்த உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வாய்ப்பாடம். நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தது. "சவிரிமுத்து, அந்தோனியாப்பிள்ளை, மடுத்தீன், றெஜினா, சூசையப்பு, ஜெஸ்ரின்... நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே."

"முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக" என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருவரும் தடுமாறவில்லை. நானும் சொன்னேன். ஐயோ கடவுளே, நானும் சொன்னேன்! சொல்லி முடித்த பிறகுதான் காதுக்குள் போனது மண்டைக்கு ஏறியது.

"எந்த ஜெஸ்ரின்?" என்று கேட்டேன்.

பீற்றர் அண்ணை கண்ணைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "எந்த ஜெஸ்ரின் அண்ணை? எங்கட பங்கில ஆரின்ர வீட்டில ஜெஸ்ரின் எண்டு செத்தது?"

"பிள்ளை... வாய் தவறி..."

"வாய் தவறினா உங்களுக்கு மட்டும் தவறும். இவ்வளவு பேரும் ஏன் ஆமென் சொல்லுற மாதிரிச் சொன்னவை? எத்தினை புதன்கிழமை சொன்னனீங்கள்?"

எட்வேட் என் தோளைத் தொட்டார். "அருமை, கொஞ்சம் பொறும். லண்டனுக்குப் போனாப் பிறகு ஆறுதலாய்ச் சொல்லுவம் எண்டுதான்..."

அவ்வளவுதான். அப்படித்தான் என் தம்பி செத்தான். ஷெல் விழுந்தது, வைகாசி மாதம், நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்த நாட்களில். எனக்கு அவன் செத்தது ஆடி மாதத்தில், பிரான்சில் ஒரு கோயில் வளவுக்குள், இவ்வளவு பேருக்கு முன்னால். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். சாவென்றால் உடனே சொல்லமாட்டார்கள். "கொஞ்சம் சீரியஸ்" என்பார்கள், "சுகமில்லை, வாங்கோ" என்பார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து, வாசலில் பந்தலைக் கண்டு தானாக விளங்கட்டும் என்று விடுவார்கள். நானும் அப்படி மற்றவர்களுக்குச் செய்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உயிரோடு காட்டு என்று ஒருத்தி கால் கிழிய நடக்க, பின்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது எந்த ஊர்ப் பழக்கம்?

கப்பலில் றோஸ்மலர் அக்கா பக்கத்தில் வந்து இருந்தா. "உன்னைக் கொஞ்சம் வெளியில கூட்டிக்கொண்டு போனா மனம் தெளியும், பிறகு பக்குவமாய்ச் சொல்லலாம் எண்டுதான் பிள்ளை நினைச்சது. நீ வெறுங்கால் எண்டு நேர்வாய் எண்டு ஆர் கண்டது?"

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. "அக்கா, ஆனி மாசம் கோயில் ஹோலில முப்பத்தோராம் நாள் எண்டு ஒரு செத்தவீட்டுச் சாப்பாடு நடந்தது. உங்கட ஒண்டுவிட்ட தமையனுக்கு எண்டு சொன்னனீங்கள். நான் கட்லட் பொரிச்சுக் கொண்டு வந்தனான்."

அக்கா கடலைப் பார்த்தா.

"ஆருக்குப் பொரிச்சனான் அக்கா?"

"அழாதை பிள்ளை."

"நான் அழேல்லை. ஆருக்குப் பொரிச்சனான் எண்டு கேக்கிறன். என்ர தம்பியின்ர முப்பத்தோராம் நாளுக்கு, உப்புக் காணுமோ எண்டு உங்களிட்டயே கேட்டு, என்னைக்கொண்டே பொரிப்பிச்சுத் திண்டனீங்கள் என்ன?"

அவ எழும்பி அந்தப் பக்கம் போனா. அதற்குப் பிறகு அவவோடு எனக்குக் கதை இல்லை.

வீட்டுக்கு வந்து காலுக்கு மருந்து கட்டினேன். சனம் வந்தது. வெள்ளை உடுத்திக்கொண்டு, வாடின முகத்தோடு, இன்றைக்குத்தான் கேள்விப்பட்ட மாதிரி! வாசலில் வைத்தே ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டேன். "உங்களுக்கு எப்ப தெரியும்?" ஒரு மனிசி பயத்தில் சாப்பாட்டுச் சட்டியை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டா. எட்வேட்டோடு ஒரே வீட்டில் இருந்தேன், ஒரே மேசையில் சாப்பிட்டேன், ஆனால் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒரு ஆள்."

"எந்த ஆள்?"

"விடுமன் அருமை. சொன்னது நல்ல மனசோடதான். பிழை எண்டா என்ர பிழை எண்டு வைச்சுக்கொள்ளும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா எடுப்பா. காலையிலிருந்தே நான் ஒரு முடிவோடு இருந்தேன். எனக்கு நடந்தது அம்மாவுக்கு நடக்கக் கூடாது. பெற்றவளுக்குத் தெரியாமல் ஊர் முழுக்க அவள் பிள்ளைக்குப் பூசை வைக்கிறதா? அவன் வருவான் என்று அந்தத் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா? நான் சொல்லத்தான் போகிறேன். எவன் வந்து தடுக்கிறான் பார்ப்போம்.

மணி அடித்தது. எட்வேட் பாய்ந்து வந்தார். "அருமை, வேண்டாம். மாமிக்குச் சொல்லாதையும். நான் சொல்லுறதைக் கேளும்." அவரைத் தள்ளிவிட்டு எடுத்தேன்.

"நடந்து முடிச்சிட்டியே பிள்ளை?" என்றா அம்மா. "கால் நோகுதே?"

"அம்மா, இருந்துகொண்டு கேளுங்கோ. எங்கட தம்பி இல்லையம்மா. ஷெல் பட்டுச் செத்துப்போனான். எல்லாருக்கும் தெரியும், எங்களுக்குத்தான் மறைச்சுப்போட்டினம்."

முகாமின் இரைச்சல் மட்டும் கேட்டது. அம்மா விழுந்துவிட்டா என்று நினைத்தேன். பிறகு மெதுவாக ஒரு குரல் வந்தது.

"எட்வேட் சொல்லிப்போட்டாரே? சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணித் தந்தவர்."

"அம்மா?"

"பங்கருக்குள்ளயே வைச்சு மூடினனான் பிள்ளை. நான்தான் மண் போட்டனான். பெட்டியும் இல்லை, சுவாமியும் இல்லை. எட்வேட்டிட்டச் சொல்லிப் பூசை வைக்கச் சொன்னதும் நான்தான். உனக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னதும் நான்தான்."

"செபி, செபி எண்டு ஒவ்வொரு கிழமையும் என்னட்டச் சொன்னீங்களே அம்மா! என்னத்துக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"இஞ்ச எல்லாருக்கும் அவன் செத்தது தெரியும். பார்த்த சனம். ஆரோட கதைச்சாலும் செத்தவன்தான். உன்னோட கதைக்கேக்க மட்டும்தான் அவன் இருந்தவன். தம்பி வந்தா சின்ன அறையைக் குடுப்பம், முதல் இங்கிலிஷ் படிக்க விடுவம், குளிருக்கு நல்ல ஜக்கெற் வாங்குவம் எண்டு சொல்லிக்கொண்டே போவாய். அந்த அஞ்சு நிமிசத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் நான் சோறு திண்டது."

எட்வேட் கதிரையில் இருந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போன் குடுத்த பெடிச்சி வந்து நிக்குது" என்றா அம்மா. "பிள்ளை, ஒருக்காச் சொல்லன். அந்த அறைக்கு என்ன நிறம் அடிக்கப்போறாய்?"

நான் வாயைத் திறந்தேன். பெற்ற தாய் கேட்கிறா, ஒரு நிறத்தின் பெயர், அவ்வளவுதான். எனக்கு வரவில்லை. என்னை ஏமாற்றின எல்லாரிலும் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"ஏலாதம்மா" என்றேன். "அவன் செத்துப்போனான்."

"சரி பிள்ளை" என்றா. வைத்துவிட்டா.

அடுத்த ஞாயிறும் மத்தியானம் மணி அடித்தது. நான் எடுத்தேன். எப்படி இருக்கிறாய், கால் புண் ஆறிவிட்டதா என்று கேட்டா. பிறகு, "எட்வேட் நிக்கிறாரே? அவரிட்ட ஒருக்காக் குடு" என்றா. கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஓம் மாமி" என்று எட்வேட் சொன்னது கேட்டது. "சின்ன அறைதான். வெளிர் நீலம் அடிப்பம். கட்டில் ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன். தம்பி உயரமான ஆள்தானே, கால் நீட்ட இடம் காணாது, கொஞ்சம் பெரிசாய் எடுப்பம்..."

தண்ணிப் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டேன். அப்படியும் கேட்டது. என் தாயும் என் மனிசனும் என் தம்பியும் அந்த அறைக்குள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள்.